கொம்பு நட்ட இடம்

அத்தியாயம் ஒன்பது

தண்ணீர் இறங்கிவிட்டிருந்தது. ஆனால் போகிற தண்ணீர் சும்மா போகவில்லை. கொச்சங்காடித் தெருவின் இரண்டு பக்கச் சுவர்களிலும் முழங்கால் உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தது. மறுபடி வரும்போது எதுவரை ஏற வேண்டும் என்று அடையாளம் வைத்துவிட்டுப் போனதுபோல.

இந்த ஊர்க்காரர்கள் இதை வேலியேற்றம் என்பார்கள். மழை இருக்காது. வெயில் அதுபாட்டுக்குக் காய்ந்துகொண்டிருக்கும். அப்போதே காயல் தண்ணீர் ஓடைகளின் வழியாகத் தெருவுக்குள் ஏறி வரும். கொஞ்ச நேரம் வீட்டு வாசல்களில் உட்கார்ந்திருந்துவிட்டு, வந்த வழியே இறங்கிவிடும்.

போன வெள்ளிக்கிழமை அந்த வழி திறந்து கிடந்தது. மூடியில்லாத ஓடை, ஏறி நின்ற தண்ணீருக்கு அடியில் யார் கண்ணுக்கும் தெரியாமல் வாய் பிளந்துகொண்டிருந்தது. அதில்தான் வீட்டுக்கார ஜுமைலா விழுந்தாள். வெளியே இழுத்துப் போட்டபோது பின்மண்டை உடைந்திருந்தது. கையில் ஒரு மாப்புக் கம்பு. நினைவு போன பிறகும் விரல்கள் அதை விடவில்லை. வாசலில் ஏறிய தண்ணீரைத் தள்ளிவிட வந்திருப்பாள் என்று தெருவே சொன்னது. இன்றுவரை அவள் கண் திறக்கவில்லை.

ஓடையை மூடியிருந்த சிலாப்பைத் தூக்கி வைத்தவன் முத்துவேல். தூர் வாரும் கான்ட்ராக்டில் கொத்தனார். ஜுமைலா வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருக்கிறவன். வசந்தியின் கணவன்.

"நட்டேனா, வசந்தி?" என்று கேட்டான் அவன்.

கையிலிருந்த சாயா ஆறி, மேலே ஆடை கட்டியிருந்தது. அவன் இன்னும் வாயில் வைக்கவில்லை.

"நட்டேன்னு நீங்கதான சொன்னிய?"

"சொன்னேன். இப்பவும் கண்ண மூடுனா கொம்பு தெரியுது. பூவரசங்கொம்பு. இலை தெரியுது, துணி ஆடுதது தெரியுது. ஆனா எந்தக் குழியில நிக்கின்னு தெரியல. கலூர்ல நட்டது, தோப்பும்படியில நட்டது, எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணா கலந்து கெடக்கு. தெனமும் நடுத கை. ஒரு நாள் நடாம வந்துட்டா, அது கைக்குத் தெரியுமா?"

கொம்பு நடுவது அந்தத் தொழிலில் ஒரு முறை. குழி திறந்தவன், வேலை முடியாமல் நகர்ந்தால், இலையோடு ஒரு கொம்பை ஒடித்து அதில் நட்டு, ஒரு சிவப்புத் துணியும் கட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் ஆட்களை வேறு தெருவுக்கு அவசரமாக இழுத்துக்கொண்டு போனார்கள். முத்துவேல் கொம்பு நட்டேன் என்றான். தெருவில் ஒருவரும் கொம்பைப் பார்க்கவில்லை என்றார்கள்.

"நீலகண்டன் சாரு சொன்னத யோசிச்சியளா?" என்றாள் வசந்தி.

நீலகண்டன் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர். சனிக்கிழமை வந்து, குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொல்லிவிட்டுப் போயிருந்தார். முத்துவேல் கொஞ்ச நாள் வைட்டிலா வேலைக்குப் போய் அங்கேயே தங்கிக்கொள்ளட்டும். சிலாப்பைத் தண்ணீர் தூக்கிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

"அப்பிடிச் சொன்னா பழி யார் மேல போவும்?"

"யார் மேலயும் போவாது. தண்ணி மேல போவும்."

"தண்ணி மேல." முத்துவேல் சிரித்தான். சிரிப்பில் சத்தம் வரவில்லை. பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மகளைக் காட்டினான். "அவகிட்ட நான் என்ன சொல்லிக் குடுத்திருக்கேன்?"

என்ன சொல்லிக் கொடுத்திருக்கிறான் என்பது வசந்திக்குத் தெரியும். செஞ்ச தப்ப நம்ம வாய்தான் முதல்ல சொல்லணும். ஊர் வாய் சொல்லுத வரைக்கும் காத்திருக்கப்படாது. போன வருஷம் மகள் இசக்கிசெல்வி, ஜுமைலாவின் புருஷன் முகைதீன் பிச்சையின் சாக்குக்கடைக் கண்ணாடியைப் பந்தால் உடைத்தாள். முத்துவேல் அவளைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்க் கடைவாசலில் நிறுத்தினான். பிள்ளை சொன்னாள். முகைதீன் பிச்சை சிரித்துவிட்டு ஒரு பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்து அனுப்பினார். அப்பனோடு போய் உண்மையைச் சொல்லிப் பேரீச்சம்பழம் வாங்கி வந்த பிள்ளைக்கு, அன்று சாயங்காலமே பெற்றவள் கரண்டிக் காம்பால் வேறொரு பாடம் நடத்தினாள். பிள்ளை அழவில்லை. அந்த அழாத முகம் வசந்திக்கு அவ்வப்போது ஞாபகம் வரும்.

முத்துவேல் டம்ளரைக் கீழே வைத்தான்.

"இன்னைக்கு வார்டு மெம்பர் வாராவளாம், போலீஸும் வருதாம். முகைதீன் பாயும் நிப்பாரு. அவரு மொகத்தப் பாத்து என்னத்தச் சொல்லன்னு தெரியல."

"எதுவும் சொல்லாதிய. கேட்டா, ஞாபகம் இல்லன்னு சொல்லுங்க."

அவன் போய்விட்டான். வசந்தி படுக்கையைப் பார்த்தாள். செல்வி தூங்கும்போது மூக்கடைத்துக்கொண்டு சின்னதாக ஒரு விசில் சத்தம் வரும். இப்போது வரவில்லை. போர்வைக்குள் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பதுபோல் இருந்தது.

பள்ளிக்கூட மைதானத்தில் உப்புத்தண்ணீர் நின்றதால் இன்று அவதி. விடுமுறைக்கு இந்த ஊரில் அதுதான் பேர். ஊரிலிருந்து வந்த புதிதில் மகள், "அம்மா, நாளைக்கு அவதி!" என்று குதித்துக்கொண்டு வந்தபோது, வசந்தி பயந்துபோய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். இன்றைக்கு அந்த வார்த்தை அதன் தமிழ் அர்த்தத்தோடேயே வந்து வாசலில் நின்றது.

*

வாசலைக் கழுவிவிடலாம் என்று வாளியோடு வெளியே வந்தாள். தெரு முழுக்கச் சேறும் நாற்றமும். எதிரே சரக்குக் கிட்டங்கியின் படியில் ஆடுகள் ஏறி நின்றன. மட்டாஞ்சேரி ஆடுகளுக்கு வீடு உண்டா, ஆள் உண்டா என்று யாருக்கும் தெரியாது. தெருவே அவற்றுக்கு வீடு.

கடைசிப் படியில் ஒரு குட்டி. வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் கறுப்பு. செல்வி அதற்கு அப்பு என்று பேர் வைத்திருந்தாள்.

அப்புவின் கழுத்தில் ஒரு சிவப்புத் துணி.

வசந்தி வாளியைக் கீழே வைத்தாள். சிவப்பில் மஞ்சள் புள்ளி போட்ட துணி. அவளுடைய புடவைத்துணி. தலைத்தீபாவளிக்கு எடுத்தது, ஓரம் நைந்துபோய்க் கிடந்தது. முத்துவேல் குழிக்குக் கட்டத் துணி கேட்கும்போதெல்லாம் வேறு கந்தலைக் கொடுப்பாள். இந்தப் புடவையில் கை வைக்க மனசு வராமல் ஒளித்து வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலையில்தான், வேறு கந்தல் அகப்படாமல், முதல் முதலாக அதில் ஒரு கிழி கிழித்துக் கொடுத்தாள். ஒரே ஒரு கிழி.

அப்படியானால் அவன் நட்டிருக்கிறான்.

நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று மேலே எழும்பியது. எழும்பியது பாதியிலேயே நின்றது. துணியைக் கட்டியிருந்த முடிச்சை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

இரண்டு காதும் சமமாக விரிந்து, நடுவில் தட்டையாக இறுக்கிய பூமுடிச்சு. பள்ளிக்கூடத்தில் இரட்டைச் சடைக்கு ரிப்பன் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்லியனுப்பியதால், வசந்தி ராத்திரி ராத்திரியாக மகளை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்த முடிச்சு. இந்தத் தெருவில் அதை அப்படிப் போடத் தெரிந்தது இரண்டே கைகளுக்குத்தான்.

ஆடு ஓடவில்லை. கழுத்தை நீட்டிக் கொடுத்தது. வசந்தி முடிச்சை அவிழ்த்தாள். துணியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினாள்.

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு செல்வி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. அவளுடைய கண்கள் அம்மாவின் முகத்தில் இல்லை, இடுப்பில் இருந்தன.

காகம் ஒன்று சேற்றில் இறங்கி, எதையோ கொத்திக்கொண்டு பறந்தது. பெட்டிக்கடை ரேடியோவில் யாரோ சிரித்தார்கள். பேச வேண்டியதெல்லாம் அந்த இடைவெளியில் பேசி முடிந்துவிட்டதுபோல் இருந்தது.

வசந்தியின் வலது கை தானாக உயர்ந்தது. உயர்வதற்கு முன்பே செல்வி கண்ணை மூடிக்கொண்டாள்.

கை இறங்கியது.

"உள்ள போட்டி" என்றாள் வசந்தி. "வெளிய வராத."

*

உடனே போய்விட வேண்டும் என்றுதான் நினைத்தாள். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே துணியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். நீங்க நட்டிருக்கிய, இந்தா பாருங்க என்று சொல்ல வேண்டும். அப்புறம்? பிடுங்கினது யாரு என்று கேட்பார்களே. கேட்கட்டும். அதைப் போகிற வழியில் யோசித்துக்கொள்ளலாம். செருப்பில் ஒரு கால் நுழைந்துவிட்டது.

அப்போது போன் அடித்தது. நீலகண்டன்.

"சேச்சி, முத்துவேல் சம்மதிச்சு கேட்டோ. இனி பேடிக்கண்டா. ஒக்க செரியாயி."

பின்னால் நிறைய ஆட்களின் பேச்சுச் சத்தம். நீலகண்டனின் குரலில் பெரிய பாரம் ஒன்றை இறக்கி வைத்தவனின் ஆசுவாசம்.

"சம்மதிச்சுட்டாவளா?"

"சம்மதிச்சு, சம்மதிச்சு. ஞான் பிறகு விளிக்காம்."

வசந்தி செருப்பிலிருந்து காலை எடுத்தாள். சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தாள். சம்மதித்துவிட்டான். பிடிவாதக்காரன், கடைசியில் வைட்டிலாவுக்குப் போகச் சம்மதித்துவிட்டான். பழி தண்ணீர் மேல் போகும். தண்ணீருக்கு வலிக்காது. செல்விக்கு ஒன்றும் ஆகாது. ஜுமைலா இத்தா பிழைத்து வந்துவிட்டால் எல்லாம் கெட்ட கனாப்போல் கலைந்துவிடும்.

அவள் எழுந்து வெளியே போனாள். ஓடையின் மேல் சிலாப்பைத் திரும்ப மூடியிருந்தார்கள். அதன் ஓரத்தில் ஒரு சந்து. கீழே இறங்குதண்ணீர் காயலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. இடுப்பிலிருந்த துணியை எடுத்து அந்தச் சந்தில் விட்டாள். மஞ்சள் புள்ளிகள் ஒரு நொடி தெரிந்தன. பிறகு தெரியவில்லை.

திரும்பும்போது அவர்கள் வீட்டு ஜன்னலில் ஒரு சின்ன முகம் விலகியது.

மதியத்துக்குக் கப்பைக் கிழங்கு வேகவைத்தாள். மத்தி வாங்கிக் குழம்பு வைத்தாள். கை தானாக எல்லாவற்றையும் வேகமாகச் செய்தது. செல்விக்குத் தட்டில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இங்க பாரு. இனிமே இதப் பத்தி யாரு கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லணும். அப்பாகிட்டயும் சொல்லண்டாம். எல்லாம் சரியாயிட்டு. அப்பா வைட்டிலாவுக்குப் போறதுக்குச் சம்மதிச்சுட்டாரு."

செல்வி கப்பையைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாயில் வைக்கவில்லை.

"உங்கிட்ட அப்பாவா சொன்னாரு?"

"நீலகண்டன் சாரு போன் பண்ணிச் சொன்னாரு."

"வைட்டிலாவுக்குன்னு சொன்னாரா?"

"அதான் சம்மதிச்சுன்னு சொன்னாரே."

"அவரு எப்பிடிப் பறஞ்சாரோ அப்பிடியே சொல்லு."

"இது என்னட்டி கேள்வி? முத்துவேல் சம்மதிச்சு, பேடிக்கண்டான்னாரு. பயப்படாதன்னு அர்த்தம், அது கூடவா எனக்குத் தெரியாது?"

பிசைந்துகொண்டிருந்த விரல்கள் நின்றன. செல்வி நிமிர்ந்தாள். பதினொரு வயது முகத்தில் என்றைக்கும் பார்த்திராத ஒரு வயசு வந்து உட்கார்ந்திருந்தது.

"அம்மா, எங்க கிளாஸ்ல யாராவது குறும்பு பண்ணா டீச்சர் எழுப்பி நிறுத்தி, சம்மதிச்சோ, சம்மதிச்சோன்னு கேக்கும். ஆமா நான்தான் பண்ணேன்னு ஒத்துக்கிட்டா, அப்பதான் சம்மதிச்சுன்னு சொல்லும்."

வசந்திக்கு முதலில் காது மட்டும் கேட்டது. புத்தி பின்னால் வந்து சேர்ந்தது.

"தப்ப ஒத்துக்கிட்டாருன்னாட்டி?"

செல்வி தலையாட்டினாள்.

சம்மதம். கல்யாணத்துக்குக் கேட்கிற வார்த்தை. பெண்ணுக்குச் சம்மதமா, மாப்பிள்ளைக்குச் சம்மதமா. இத்தனை வருஷம் இந்த ஊரில் மீன் வாங்கி, சண்டை போட்டு, பஸ் ஏறி இறங்கியிருக்கிறாள். அந்த வார்த்தைக்குள் இன்னொரு கதவு இருப்பது அவளுக்குத் தெரியவே இல்லை. அந்தக் கதவு வழியாக அவள் புருஷன் உள்ளே போய்விட்டான்.

முத்துவேலின் போன் அணைந்திருந்தது. நீலகண்டனுக்கு அடித்தாள். இரண்டாவது தடவைதான் எடுத்தார்.

"அதே சேச்சி. கொம்பு நட்டில்லா, தெற்று என்டேதாணுன்னு அயாள் தன்னே எல்லாருடேயும் முன்பில் பறஞ்ஞு. இப்போ ஸ்டேஷனிலாணு. நல்ல மனுஷன்."

கொம்பு நடவில்லை, தப்பு தன்னுடையதுதான் என்று அவனே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டானாம். நல்ல மனுஷன் என்றபோது அவர் குரல் கொஞ்சம் தடுமாறியது. உடனே போன் துண்டிக்கப்பட்டது.

*

வசந்தி தெருவில் ஓடினாள். சிலாப்பின் ஓரத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து சந்துக்குள் கையை விட்டாள். உள்ளே தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாமல் நின்றுகொண்டிருந்தது. இறங்கி முடிந்து, ஏறுவதற்கு முன்னால் நிற்கும் தண்ணீர். விரல்களில் வழுவழுவென்று சேறு மட்டும் அகப்பட்டது.

பக்கத்தில் ஒரு நிழல் விழுந்தது.

"நான்தான்ம்மா பிடுங்குனேன்" என்றாள் செல்வி.

வசந்தி திரும்பவில்லை.

"அடிம்மா. எவ்ளோ வேணும்னாலும் அடி. அடிச்சிட்டு அப்பாவக் கூட்டிட்டு வா."

சேறு வழிகிற கையோடு வசந்தி மகளைப் பார்த்தாள். அடிதான் விலை என்று இந்தப் பிள்ளைக்கு யார் கற்றுக் கொடுத்தது? அப்பன் சொன்னது ஒன்று, பிள்ளை படித்தது ஒன்று. நடுவில் கரண்டிக் காம்போடு நின்றவள் யார்?

"அடிக்க மாட்டேன். முழுசும் சொல்லு."

"அப்பு பசியில வெசந்து கத்துச்சு. பூவரசு இலன்னா அதுக்கு உயிரு. குழியில கொம்பு நின்னுச்சா, சும்மா ரெண்டு இல பறிக்கலாம்னு போனேன். கொம்போட வந்துடிச்சு. துணி நல்லா இருந்துச்சுன்னு அப்பு கழுத்துல கட்டுனேன். அப்போ..."

"அப்போ?"

"பெரியும்மா ஜன்னல்ல நின்னாங்க. 'திருப்பி வச்சிரு புள்ள, வெள்ளம் ஏறும், திருப்பி வச்சிரு'ன்னு விளிச்சுச் சொன்னாங்க. உன்கிட்டச் சொல்லிடுவாங்கன்னு பேடிச்சு ஓடிட்டேன். ஆடு கொம்ப இழுத்துட்டுப் போயிடிச்சு. அப்புறமா வச்சிடலாம்னு நெனச்சேன்ம்மா. அப்புறமா தண்ணி வந்துடிச்சு."

பெரியும்மா என்று செல்வி சொல்வது ஜுமைலாவை.

பிள்ளையின் பயம் ஓடையின் மேல் இல்லை, தண்ணீரின் மேல் இல்லை. உன்கிட்டச் சொல்லிடுவாங்க.

*

வெயில் சாய்கிற நேரத்தில் ஹஸீபா வந்தாள். ஜுமைலாவின் மகள். ஆஸ்பத்திரியிலிருந்து உம்மாவுக்கு மாற்றுத்துணி எடுக்க வந்திருந்தாள். பின்கட்டு வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. எப்போதும் வந்ததும் அடுப்பு மேலிருக்கும் சட்டியைத் திறந்து பார்க்கிறவள்.

"உங்க வீட்டுக்காரரு ஒத்துக்கிட்டாராமே, வசந்தியக்கா. வாப்பா சொன்னாஹ. கேட்டுட்டு வாப்பா அங்கனயே உக்காந்துட்டாஹளாம். 'அவன் மேல கேஸு வேணாம்னு சொல்லத்தான் நான் போனேன், அவனே இப்படிச் சொல்லிட்டான்'னு அழுவுறாஹ."

"இத்தா எப்படி இருக்காவ?"

"ஒரே ஒரு வாட்டி கண்ணு தொறந்தாஹ. ஒரு பேச்சுப் பேசுனாஹ. அது என்ன பேச்சுன்னே எங்களுக்கு விளங்கல." ஹஸீபாவின் பார்வை வசந்தியைத் தாண்டி உள்ளே போனது. "'செல்விய பேடிக்க வேணாம்னு சொல்லு'ன்னாஹ. அம்புட்டுதான். மறுபடி மயங்கிட்டாஹ. எதுக்குக்கா செல்வி பேடிக்கணும்?"

வசந்தியின் பின்னால் செல்வி ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தாள். வாய் திறந்ததுகூட வசந்திக்குத் தெரிந்தது. அவள் கை பின்னால் போய் மகளின் தோளை அழுத்தியது. யோசித்துச் செய்யவில்லை. கை செய்தது.

"சின்னப் புள்ள இல்லியா? ரத்தத்தப் பாத்துப் பயந்துட்டா" என்றாள்.

ஹஸீபா போகத் திரும்பி, நின்றாள்.

"இன்னொண்ணும் விளங்கல. உம்மா கையில இருந்த மாப்புக் கம்பு, ஆஸ்பத்திரியில தந்தாஹ. அதுல மாப்பே இல்லக்கா. நுனியில வாப்பாவோட செவப்புத் துண்டக் கட்டியிருக்கு, இறுக்கமா. தண்ணி தள்ள வந்தவங்க எதுக்குத் துண்டக் கட்டணும்?"

ஹஸீபா துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள்.

வசந்தி நின்ற இடத்திலேயே நின்றாள். அந்த வெள்ளிக்கிழமைத் தெரு அவளுக்கு முன்னால் விரிந்தது. பளபளவென்று தண்ணீர். எங்கே தரை, எங்கே குழி என்று தெரியாத தண்ணீர். அதற்குள் ஒரு பெண் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காலால் துழாவித் துழாவி இறங்குகிறாள். கையில் சிவப்புத் துண்டு கட்டிய கம்பு. வேறொருத்தி பெற்ற பிள்ளை பிடுங்கிப் போட்ட அடையாளத்தைத் திரும்ப நட வருகிறாள். தேடி வந்த குழி, காலடியில்தான் இருந்தது.

ஊர் முழுக்க அந்தக் கம்பைப் பார்த்தது. ஒருவருக்கும் அது கொம்பாகத் தெரியவில்லை.

"அப்பா செய்யாததச் சொல்லிட்டாரு" என்றாள் செல்வி. குரல் மிகவும் மெதுவாக இருந்தது. "பெரியும்மா என்னச் சொல்லிக் குடுக்கல. நான்தான்ம்மா ஒண்ணுமே சொல்லல."

நானும்தான் என்று வசந்தி சொல்லவில்லை. சீப்பை எடுத்தாள். செல்வியை முன்னால் உட்காரவைத்துத் தலையைப் பிரித்து இரட்டைச் சடை போட்டாள். எதற்கு இப்போது சடை என்று பிள்ளை கேட்கவில்லை. ரிப்பன் கட்டும்போது வசந்திக்கு முடிச்சு விழாமல் வழுக்கியது. செல்வி ரிப்பனை வாங்கித் தானே கட்டிக்கொண்டாள்.

*

தெருமுனைக்கு வருவதற்குள் ஓடைச் சந்துகளில் குமிழி வரத் தொடங்கிவிட்டது. தண்ணீர் திரும்பி ஏறுகிறது. கடைக்காரர்கள் மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டோ நின்றது. இருவரும் ஏறினார்கள்.

"எவிடேக்கா, சேச்சி?"

வலதுபக்கம் போனால் ஆஸ்பத்திரி. இடதுபக்கம் ஸ்டேஷன். ஆஸ்பத்திரி என்று சொல்லிவிடலாம் என்று வசந்திக்குத் தோன்றியது. முதலில் இத்தாவைப் பார்த்துவிட்டு, காலில் விழுந்துவிட்டு, அப்புறம்...

"போலீஸ் ஸ்டேஷன்" என்றாள் செல்வி.

ஓட்டுநர் கண்ணாடியில் பிள்ளையைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் இடதுபக்கம் திருப்பினார்.

"என்ன சொல்லுவ?" என்று வசந்தி கேட்டாள்.

"அப்பா நட்டாரு, நான் பிடுங்குனேன்னு."

"துணி எங்கன்னு கேப்பாவ."

செல்வி தெருவையே பார்த்துக்கொண்டு வந்தாள். "அத நீ சொல்லும்மா" என்றாள்.

கிட்டங்கிகளிலிருந்து சுக்கு வாசனை வந்தது. சக்கரம் தண்ணீரைக் கிழித்துப் போகும் சத்தம் கேட்டது. செல்வியின் விரல்கள் வசந்தியின் விரல்களுக்குள் நுழைந்து இருந்தன. குளிர்ந்துபோய், ஆனால் நடுங்காமல்.

போன் அடித்தது. ஹஸீபா.

"ஹலோ? ஹஸீபா?"

மறுமுனையில் ஹஸீபாவின் குரல் இல்லை. யாரோ ஓதிக்கொண்டிருந்தார்கள். கனத்த, நிதானமான ஆண் குரல். அழுகைச் சத்தம் இல்லை. கூப்பாடு இல்லை. ஓதும் சத்தம் மட்டும், இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்து. முகைதீன் பிச்சை வீட்டிலிருந்து அதே மாதிரி ஓதல் பின்கட்டுக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறது. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்த நாளிலும் வந்திருக்கிறது. சாவு விழுந்த நாளிலும் வந்திருக்கிறது. எந்த நாளுக்கு எதை ஓதுவார்கள் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு நாளும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

இன்று இரண்டாவது தடவையாக, தனக்கு விளங்காத வார்த்தையைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஹஸீபா, ஏதாவது சொல்லும்மா."

லைன் அறுந்தது.

கண் திறந்து பயப்பட வேண்டாம் என்று சொன்னவள் இப்போது இருக்கிறாளா, இல்லையா? இருந்தால், நடந்தது ஒரு பிள்ளையின் குறும்பு. இல்லையென்றால் அதற்குப் பேர் வேறு. அந்தப் பேரைத் தன் பிள்ளை தன் வாயாலேயே போய்ச் சொல்லப்போகிறாள். பார்த்தவளும் போய்விட்டிருந்தால், உலகத்தில் இது தெரிந்தது தாய்க்கும் மகளுக்கும் மட்டும்தான். துணியும் இல்லை. சாட்சியும் இல்லை. வண்டியைத் திருப்பச் சொன்னால் போதும். ஒரே ஒரு சொல். அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"சேச்சி, ஸ்டேஷனெத்தி" என்றார் ஓட்டுநர்.

வசந்தி திரும்பினாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. எப்போது விரல்களை உருவிக்கொண்டாள் என்றே தெரியவில்லை.

செல்வி ஸ்டேஷன் படிகளை அடைந்திருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. இரட்டைச் சடையின் நுனிகளில், சமமாக விரித்து நடுவில் தட்டையாக இறுக்கிய இரண்டு சிவப்பு முடிச்சுகள் ஒவ்வொரு படியாக மேலே ஏறிக்கொண்டிருந்தன.